திணைவழுவும் தரவு வகையும்

விழா மலர்களிலே தமிழாசிரியர் எழுத வேண்டுவது சங்கச் செய்யுளைப் பற்றியோ சைவத்தின் தொன்மையைப் பற்றியோ ஆகும் என்பது நெடுநாள் வழக்கு. அவ்வழக்கினின்றுஞ் சற்றே விலகி, கணினிச் செய்நிரலாக்கத்தின் அரிச்சுவடியைப் பற்றி ஈண்டுச் சில கூறத் துணிகின்றேன். கணினி பயிற்றும் நண்பர்கள் பொறுத்தருள்க. அவர்தம் எல்லைக்குள் நான் புகுந்தேனல்லேன். எம் இலக்கணத்திலே பன்னூறாண்டுகளாகப் பயின்று வரும் பொருளொன்று அவர்தம் பாடத்திலே வேறு பெயர் பூண்டு நிற்கின்றது. மாணவரோ அதனை அடையாளங் காணாது, மனனஞ் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகின்றனர்.

நம் நாட்டிலே க. பொ. த. சாதாரண தரத்துத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பஸ்கால் என்னும் மொழியும், உயர்தரத்திலே பைதன் என்னும் மொழியும் பயிற்றப்படுகின்றன. முன்னையது, நிக்லாஸ் விர்த் என்னும் பேராசிரியர் சூரிச் நகரிலே மாணவர்க்குக் கற்பித்தலையே முதன்மை நோக்கமாகக் கொண்டு இயற்றி 1970 இல் வெளியிட்டது. பின்னையது, ஒல்லாந்து நாட்டவரான கைடோ வான் றொசம் 1991 இல் வெளியிட்டது. இரண்டும் தொடக்கநிலை மாணவனிடம் முதலில் வேண்டி நிற்பது ஒன்றே. பொருள்களை வகையறிந்து கையாளுக என்பதே அது. முழுவெண், தசம எண், எழுத்துச்சரம், உண்மை அல்லது பொய் என இரண்டிலொன்றாய் நிற்கும் பூலியன் ஆகியன அடிப்படைத் தரவு வகைகள். இவற்றைக் கூட்டி வைக்கும் அணி, பட்டியல், தொடை, அகராதி முதலியன தொகுப்புக்கள். தரவு வகையைத் தமிழ்நாட்டார் தரவினம் என்றும் வழங்குவர்; இனம் என்ற சொல் எனக்கு உவப்பானதே.

வெள்ளவத்தையிலே காலி வீதியினின்றுங் கடற்கரை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளிலும், கொட்டாஞ்சேனையின் தெருக்களிலும், மாலை வேளைகளில் நம் பிள்ளைகள் கொப்பிகளை அணைத்துக்கொண்டு தனியார் வகுப்புகளுக்கு விரைவதைக் காணலாம். அக்கொப்பிகளிலே மேற்கூறிய வகைகளின் வரைவிலக்கணங்கள் அழகிய கையெழுத்தில் எழுதப்பட்டிருக்கும். அவற்றை ஒரு சொல்லும் பிசகாமல் ஒப்புவிப்பாருமுளர். அவருள் ஒருவனை நிறுத்தி, ‘தம்பி, உன் தொலைபேசி இலக்கம் எந்த வகைத் தரவு?’ என்று வினவிப் பாருங்கள். ‘முழுவெண், சேர்’ என்று விரைந்து விடை வரும். விடை பிழை. கொழும்பின் நிலையான தொலைபேசி இலக்கங்கள் 011 என்று தொடங்குவன. முழுவெண்ணாக மாற்றி வைத்தால் முன்னின்ற பூச்சியம் மறைந்துபோம். வெள்ளவத்தையின் அஞ்சற் குறியீடு 00600, கொட்டாஞ்சேனையினது 01300. இவற்றை எண்ணாக்கினால் 600 எனவும் 1300 எனவும் குறுகி, குறியீடாந் தன்மையை இழக்கும். பழைய தேசிய அடையாள அட்டையின் இலக்கத்திலே ஒன்பது இலக்கங்களின் பின் ஓர் ஆங்கில எழுத்து நிற்பதால் அஃது எவ்வாற்றானும் எண்ணாகாது. காலி வீதியில் ஓடும் 100 ஆம் இலக்கப் பேருந்தையும் 101 ஆம் இலக்கப் பேருந்தையும் கூட்டி 201 என்று சொல்வார் எவருமிலர். எண்ணுருவில் எழுதப்படுவன யாவும் எண்ணல்ல. கூட்டவும் கழிக்கவும் பொருள் தருவது எதுவோ அதுவே எண். இதனை வரைவிலக்கணம் சொல்லித் தாராது. பத்துப் பதினைந்து பொருள்களைத் தானே எடுத்து வகைப்படுத்திப் பார்த்த மாணவனுக்கே விளங்கும்.

இனி இலக்கணத்துக்கு வருவோம். ‘அவன் வந்தது’ என்று ஒரு சிறுவன் எழுதினால் அதனைத் திணைவழு என்று சிவப்பு மையாற் சுழிக்கின்றோம். உயர்திணை எழுவாய்க்கு உயர்திணை வினையே வரல்வேண்டும். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு ஏழென்று நன்னூலார் வகுத்தார். இனமல்லாதவை ஒன்றோடொன்று முடியலாகாது என்பதே இவற்றுட் பலவற்றின் உட்பொருள். பைதனிலே ‘15’ என்னும் சரத்தோடு 1 என்னும் முழுவெண்ணைக் கூட்ட முயன்றால் ‘டைப் எரர்’ என்று அது மறுத்துரைக்கும். அவ்வாங்கிலத் தொடரை நான் திணைவழு என்றே மொழிபெயர்ப்பேன். என் வகுப்பு மாணவர்க்கு அச்சொல் உடனே விளங்குகின்றது.

விசைப்பலகையினின்றும் வருவதையெல்லாம் பைதன் சரமாகவே ஏற்கும் என்பதை மாணவர் பலர் அறியார். வயதைக் கேட்டு, விடையோடு ஒன்று கூட்டி, அடுத்த ஆண்டு வயதைச் சொல்லும் சிறு செய்நிரல் இதனாலேதான் முதன்முறை தவறுகின்றது. அதையே இரண்டாற் பெருக்கினாலோ வழு என்ற சொல்லும் வராது. 1515 என்று விடை வரும். சரத்தை இருமுறை எழுதுக என்று பைதன் பொருள் கொண்டது. இலக்கணம் பிழையாத வாக்கியம், கருதிய பொருளோ வேறு. இப்படிப்பட்ட விடையை ஒருமுறை தன் கண்ணாற் கண்ட பிள்ளை வாழ்நாளில் மறவான்.

வழுவுக்கு அமைதியும் உண்டன்றோ? பசுவை உவப்பினாலே அம்மை என்று அழைத்து உயர்திணை வினை கொடுப்பதை வழுவமைதி என்று ஏற்றுக்கொள்கின்றோம். பஸ்காலிலே மெய்யெண்ணுக்குரிய மாறியில் முழுவெண்ணை வைக்கலாம், அஃது அமைதி. முழுவெண்ணுக்குரிய மாறியில் மெய்யெண்ணை வைக்க அது விடாது. மூன்று பாடங்களின் புள்ளிகள் 71, 72, 73 எனின் மொத்தம் 216, சராசரி 72. மீதியின்றியே வந்தபோதிலும், வகுத்தற் குறியால் வந்த விடை மெய்யெண் ஆதலின், முழுவெண் மாறியில் அதனை இடமுடியாது. பஸ்கால் கண்டிப்பான பழைய பண்டிதர் போன்றது; எப்பெயர் எவ்வகைக்குரியது என்பதை முன்னரே அறிவித்தல் வேண்டும். பைதன் சற்றே இளகிய மனத்தது. இன்று முழுவெண்ணுக்கு இட்ட பெயரை நாளை சரத்துக்கும் இடலாம். சாதாரண தரத்திலே பண்டிதரிடம் பயின்று உயர்தரத்தில் மற்றவரிடம் செல்லும் மாணவன், கட்டுப்பாடு நீங்கியது என்று மகிழ்ந்து, வகையென்பதையே மறந்துவிடும் அபாயமுண்டு.

மனனத்தை நான் பழிப்பதாகக் கொள்ளற்க. திண்ணைப் பள்ளிக்கூடங்களும் மனனத்தையே பெரிதும் நம்பின. ஆயின் ஆங்கு எண்சுவடியை ஒப்புவித்த பிள்ளை, அதே எண்ணை மணலில் எழுதினான், நெல்லை அளந்தான், கடைக்கணக்கைச் சொன்னான். நெல்லிலக்கம் வேறு, பொன்னிலக்கம் வேறு என்று வாய்பாடுகளே வகையால் வேறுபட்டிருந்தன. எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவையை நான்காகப் பிரித்த மரபினர்க்குத் தரவு வகை புதிய செய்தியன்று. அவர்தம் பின்னங்களை இன்றைய கணினியிலே சோதித்துப் பார்ப்பது மிகச் சுவையான பயிற்சியாகும். கணினி தசம எண்ணை இரண்டின் கூறுகளாகவே சேமிக்கும். ஆகவே கால், அரைக்கால், பதினாறில் ஒன்றாகிய மாகாணி ஆகியன அதனுள் மிகச் சரியாக அமையும். இருபதில் ஒன்றாகிய மா, எண்பதில் ஒன்றாகிய காணி, முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரி ஆகியனவோ ஐந்தென்னுங் காரணி உடைமையால் அண்ணளவாகவே அமையும். மாவும் காணியும் சேர்ந்ததே மாகாணி. உறுப்பு இரண்டும் அண்ணளவு, கூட்டு மட்டும் துல்லியம்! பைதனிலே 0.1 ஐயும் 0.2 ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வருவதும் இக்காரணத்தாலேயே. பணத்தைக் கணக்கிடும் செய்நிரலில் ரூபாவைத் தசமமாக வையாது சதங்களை முழுவெண்ணாக வைத்தல் நன்று என்று அப்போது சொன்னால், மாணவன் காரணத்தோடு ஏற்றுக்கொள்வான்.

தொகுப்புக்களைப் பற்றியும் இவ்வாறே. திவாகர நிகண்டின் பன்னிரண்டாந் தொகுதிக்குப் பல்பொருட் கூட்டத்து ஒருபெயர்த் தொகுதி என்பது பெயர். பல பொருள்களை ஒன்றாகக் கூட்டி அக்கூட்டத்துக்கு ஒரு பெயர் இடுதல்! ஐம்பூதம், அறுசுவை, நவமணி என்று சொல்லிப் பழகிய நாவுக்குத் தொகுப்பு என்பதை விளக்க வேறு நூல் எதற்கு? வரவு இடாப்பு ஒரு பட்டியல். வரிசையுண்டு, பெயர் சேரலாம், நீங்கலாம், ஒரே பெயர் இருமுறையும் வரலாம். (இடாப்பு ஒன்றிலிருந்து தொடங்க, பைதன் பூச்சியத்திலிருந்து எண்ணுவது மாணவரை முதல் வாரம் முழுவதும் இடறச் செய்யும். பஸ்காலின் அணியை ஒன்றிலிருந்தே தொடங்கலாம்.) அசுவினி முதல் ரேவதி ஈறான இருபத்தேழு நட்சத்திரங்கள் ரியூப்பிள் எனப்படும் மாறாத் தொகுப்புக்கு உரியன, அவற்றுள் ஒன்றை மாற்ற எவருக்கும் உரிமையில்லை, பைதனும் இடங்கொடாது. தமிழ் மன்றத்தில் உள்ளோர், சதுரங்கக் கழகத்தில் உள்ளோர், இரண்டிலும் உள்ளோர் எனக் காண்பதற்குத் தொடையும் இடைவெட்டும் வேண்டும். வீரமாமுனிவர் 1732 இலே சதுரகராதியை ஆக்கியபோது செய்ததும், 1842 இல் யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே அச்சேறிய அகராதி செய்ததும், ஒரு சொல்லைத் திறவுகோலாக்கி அதன் பொருளை அதன் எதிரே நிறுத்தியதே. ‘மா’ என்ற திறவுகோலுக்கு எதிரே மாமரம், குதிரை, திருமகள், இருபதில் ஒரு பங்கு என ஒரு பட்டியலையே வைக்கலாம். அகராதிக்குட் பட்டியல் என்பது இவ்வளவுதான்.

ஒரு பட்டியலுக்கு இரண்டு பெயர் இடும்போது வரும் மயக்கத்தையும் இவ்வாறே தெளிவிக்கலாம். முருகன் என்றாலும் கந்தன் என்றாலும் மூர்த்தி ஒருவரே. முருகனுக்குச் சூட்டிய மாலை கந்தன் கழுத்திலும் கிடக்கும். இரண்டாவது பெயரை இட்டதால் இரண்டாவது பட்டியல் பிறந்துவிடவில்லை.

இனி என் உள்ளத்தை மிகவும் வருத்தும் பகுதிக்கு வருகின்றேன். எழுத்துச்சரத்தைப் பற்றிய பயிற்சிகளெல்லாம் ஆங்கிலச் சொற்களிலேயே நடைபெறுகின்றன. முன்னும் பின்னும் ஒன்றாய் வாசிக்கப்படும் சொல்லைக் கண்டறிக என்று ஒரு பயிற்சி எந்நூலிலும் உண்டு. மேடம், லெவல் என்ற ஆங்கிலச் சொற்களை இட்டுப் பார்த்து, விடை சரி என்று மாணவன் கொப்பியை மூடுகின்றான். அதே செய்நிரலுக்குள் ‘விகடகவி’ என்று இட்டால் அஃது அத்தகைய சொல்லன்று எனக் கணினி மறுத்துரைக்கும். மாலைமாற்றிலே ஒரு பதிகமே அருளிய திருஞானசம்பந்தரின் மொழிக்கு இக்கதி! காரணம் யாது? யுனிகோட் முறையிலே ‘வி’ என்பது ஒரு குறியன்று. வகரமும் இகரக் கொம்பும் என இரண்டு. பின்னிருந்து திருப்பும்போது கொம்பு முன்னும் வகரம் பின்னுமாகி உரு சிதைகின்றது. ‘தமிழ்’ என்னும் சொல்லிலே நமக்கு எழுத்து மூன்று. நீளம் யாதென்று பைதனைக் கேட்டால் ஐந்து என்னும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்பன அவ்வைந்து.

பஸ்காலிலோ நிலைமை இன்னும் கடுமை. யுனிகோட் குறிகளை யூ. ரி. எஃப். 8 என்னும் முறையிலே சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைற்று வேண்டும். பாலசுப்பிரமணியம் என்ற பெயரிலே எழுத்துப் பத்து, குறி பதினாறு, பைற்று நாற்பத்தெட்டு. பெயருக்கு இருபது இடம் போதும் என்று பாடநூல் வழியிலே சரமொன்றை அறிவித்த மாணவன், அப்பெயரை இட்டால் ‘பாலசுப’ என்ற அளவோடு பெயர் அறுந்து நிற்பதையும், அதன்பின் சிதைந்த ஏதோவொன்று தொடர்வதையும் காண்பான். முன்னறிவு இல்லாதவன், தமிழ் கணினிக்கு ஒவ்வாத மொழி என்றே முடிவு செய்வான். ஒவ்வாதது தமிழன்று; பைற்றை எழுத்தென்று கொண்ட மயக்கமே பிழை. எழுத்து, குறி, பைற்று ஆகிய மூன்றும் வேறு என்பதை ஆங்கிலச் சொற்களாற் பயிலும் மாணவன் அறிய வாய்ப்பே இல்லை. ஏனெனில் ஆங்கிலத்தில் மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. தமிழில் பயிலும் மாணவனே அவ்வேறுபாட்டை முதல் வாரத்தில் அறியும் பேறுடையவன். நம்மவர் குறை என்று ஒதுக்கியது உண்மையிற் சிறந்ததொரு பாடமாகும்.

தீர்வும் மாணவன் கைக்கு எட்டியதே. பதினோர் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் ஒரு தொடையில் இடுக. சொல்லின் குறிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அது தொடைக்குள் இருந்தால் பட்டியலின் கடைசி உறுப்போடு ஒட்டுக. இல்லையேற் புதிய உறுப்பாகச் சேர்க்க. முடிவில் விகடகவி ஐந்து எழுத்தாகப் பட்டியலில் நிற்கும். அதனைத் திருப்பினால் சொல் மாறாது. சரம், தொடை, பட்டியல், பூலியன் ஆகிய நான்கும் ஒரே பயிற்சியில் வந்துவிட்டன. முத்தையா அண்ணாமலை என்பார், எழில் என்னும் தமிழ்ச் செய்நிரல் மொழியை ஆக்கியவர். அவர் தொடங்கிய ஓப்பன் தமிழ் என்னும் பைதன் நூலகம் இவ்வேலையை ஆயத்தமாகவே செய்து தரும். ஆயினும் முதலில் மாணவன் தானே எழுதிப் பார்க்கட்டும்.

அகர வரிசையும் இத்தகையதே. மயில், மரம், மலர், மழை, மளிகை, மறம், மனம் என்பது நம் நெடுங்கணக்கு வரிசை. பைதனை வரிசைப்படுத்தச் சொன்னால் மனம், மயில், மரம், மறம், மலர், மளிகை, மழை என்று தரும். யுனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரம் ழகரத்துக்கு முன்னும் வைக்கப்பட்டிருத்தலே காரணம். ஒவ்வோர் எழுத்துக்கும் அதன் நெடுங்கணக்கு இடத்தை எதிரே நிறுத்தும் அகராதி ஒன்றை ஆக்கி இதனைத் திருத்துவது உயர்தர மாணவனுக்கு ஒரு பிற்பகல் வேலை. அதனைச் செய்ய மாணவன் முதலில் நெடுங்கணக்கை அறிந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கின்றது. எனினும் அதுவும் உண்மையே. இனி, ஔவை என்பதை ஒகரமும் ளகரமுமாகத் தட்டெழுதும் வழக்கம் நம் பிள்ளைகளிடம் மட்டுமன்று, பெரியோரிடமும் உண்டு. கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றும் அவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னால் கணினி பொய் என்னும். அங்கே கணினியே நல்ல தமிழாசிரியன்.

கணினி படிக்க விரும்பும் பிள்ளை தமிழ்மொழி மூலத்தை விட்டு ஆங்கில மொழிமூலத்துக்கு மாறுதலே அறிவு என்று கொழும்புப் பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லேன். வேண்டும், நன்றாகவே வேண்டும். ஆயின் பைதனுக்கென ஒதுக்கப்பட்ட ஆங்கிலச் சொற்கள் 35 மாத்திரமே. அவற்றைக் கற்க எந்தப் பிள்ளையும் மொழிமூலம் மாற வேண்டியதில்லை. 2008 இல் வெளிவந்த மூன்றாம் பைதன் முதல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாம். ‘புள்ளி’ என்றும் ‘வயது’ என்றும் பெயரிட்டுப் பயிலும் மாணவன், எது மொழிக்குரிய சொல், எது தான் இட்ட பெயர் என்பதைக் கண்டவுடன் பிரித்தறிவான். பிற்காலத்தில் தொழிலுக்குச் செல்லும்போது ஆங்கிலப் பெயர்களை இட்டுக்கொள்ளட்டும். அது பெரிய மாற்றமன்று. பிள்ளை தடுமாறுவது பெரும்பாலும் ஆங்கிலத்திலன்று, வகையறியாமையில். மொழிமூலம் மாறியபின்னும் அத்தடுமாற்றம் கூடவே செல்லும்.

ஆதலின் கல்லூரியிலே வாரம் ஒரு பாடவேளையேனும் தமிழாசிரியரும் கணினி ஆசிரியரும் ஒரே வகுப்பில் நிற்றல் வேண்டும் என்பது என் துணிபு. வரைவிலக்கணம் எழுதுமுன் பத்துப் பொருளை வகைப்படுத்தட்டும், தட்டெழுதட்டும், வழு வரட்டும், அதன்பின் வரைவிலக்கணத்தை மாணவனே சொல்லட்டும். வினாத்தாளிலே செய்நிரலொன்றைத் தந்து வெளியீடு யாதென்று கேட்கும்போது, தட்டிப் பார்த்த கைக்கே விடை முந்தும்.

பழைய மாணவரிடம் ஒன்று வேண்டுவேன். புதிய கணினிகளைப் பெறுவதிலே அவர்தம் வள்ளன்மை ஏற்கெனவே வெளிப்பட்டிருக்கின்றது. இப்போது வேண்டுவது அவர்தம் சனிக்கிழமை முற்பகல்கள். மென்பொருட் துறையிலே பணியாற்றும் பழைய மாணவர், மாதம் ஒரு முற்பகல் வந்து பிள்ளைகளின் அருகே அமர்ந்திருந்தாற் போதும், விரிவுரை வேண்டாம். பயிற்சிக்குரிய பொருளும் சங்கத்திடமே இருக்கின்றது. அங்கத்தவர் இடாப்பைத் தொலைபேசி இலக்கங்களையும் முகவரிகளையும் நீக்கிவிட்டு மாணவர் கையிற் கொடுங்கள். பெயர் சரம், சேர்ந்த ஆண்டு முழுவெண், சந்தா செலுத்தியாயிற்றா என்பது பூலியன், செலுத்திய தொகை சதக்கணக்கில் முழுவெண். அப்பெயர்களை நெடுங்கணக்கு வரிசையிலே பிழையின்றி அடுக்கித் தரும் முதல் மாணவனின் பட்டியலையே அடுத்த மலரில் அச்சிடுவோம்.